சிறியதும் பெரியதும் ஒன்றே!

நாம் பள்ளிக்கூடத்தில் கணிதம் போதிக்கும் தொழிலை மேற்கொண்டு வருஷங்கள் பல ஆகின்றன. க்ஷேத்திர கணிதத்தின் முதற் பாடத்தை ஆரம்பிக்கும் ஒவ்வொரு வருஷமும், வகுப்பில் யாராவது ஒரு மாணவன் எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கமாகி விட்டது. "ஸார், ஒரு கோட்டைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்கி, இப்படியே போய்க்கொண்டிருந்தால் முடிவு எங்கே?" என்பதே அக்கேள்வி. "முடிவே கிடையாது, உட்கார்" என்பது உபாத்தியாயர்களுக்குச் சௌகரியமான விடை. யூக்ளிட் காலம் தொட்டு இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக இந்த விடைதான் சொல்லப்பட்டு வருகிறது. காகிதத்தில் வரைந்த கோட்டைப் பொறுத்த மட்டில் அது சரியான விடையுங்கூட. ஆனால் நாமெல்லாம் வாழ்கின்ற இந்த ஆகாச வெளியைப் பொறுத்தும் அது சரிதானா?

சரியல்ல என்று கருதும் விஞ்ஞானிகள் சென்ற நாற்பது வருஷங்களாகப் பெருகி வந்திருக்கிறார்கள். வெளியைச் சுருக்கிக் கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது மேலும் சிறுக்க மறுத்துவிடும் என்றும், அதற்கு அப்பால் 'சிறியது' என்று நாம் நினைப்பது 'பெரியது' ஒன்றின் மறுவேஷமே என்றும் அவர்கள் சொல்கிறார்கள். கேட்பதற்கு வேதாந்தம் போல் இருக்கிறது; ஆனால் இது கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர்கள் தொடர்ந்து வரக்கூடிய கணக்கு. இந்தக் கணக்கின் முக்கியமான வரிகளில் சிலவற்றை நமது தேசத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதும் நேயர்கள் அறிய வேண்டிய செய்தி.

தந்தியின் கதை

பொருள்களையெல்லாம் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் புள்ளி போன்ற அணுத்துகள்கள்தான் மிஞ்சும் என்பது பழைய கொள்கை. புள்ளி அல்ல, மிக நுண்ணிய தந்தியே மிஞ்சும் என்பது தந்திச் சித்தாந்தம். ஒரே வீணைத் தந்தி பல ஸ்வரங்களை எழுப்புவது போல, ஒரே வகைத் தந்தி பலவிதமாக அதிர்ந்து பலவிதத் துகள்களாகத் தோற்றமளிக்கிறது என்பது அதன் சாரம். 1974ல் பிரான்ஸ் தேசத்து ஷெர்க்கும் அமெரிக்கரான ஷ்வார்ஸும், அவர்களிடமிருந்து தனித்து ஜப்பானியரான யோனேயாவும், அத்தகைய ஸ்வரங்களில் ஒன்று புவியீர்ப்பை ஏந்திச் செல்லும் துகளுக்குரிய லக்ஷணங்களைக் கொண்டிருப்பதைக் கண்டார்கள். 1984ல் மைக்கேல் கிரீனும் ஷ்வார்ஸும் இச்சித்தாந்தத்தை அச்சுறுத்தி வந்த ஒரு பெரிய முரண்பாடு தானே கழிந்து விடுவதைக் காட்டினார்கள். அதன் பிறகு உலகெங்கும் இளைஞர்கள் இத்துறையில் குதித்தனர்.

ஆனால் ஒரு சங்கடம். இக்கணக்கு ஒத்துவர வேண்டுமானால் வெளிக்கு ஒன்பது பரிமாணங்களும் காலத்துக்கு ஒன்றும் ஆகப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். நம் கண்ணுக்குத் தெரிகிற நீளம், அகலம், உயரம் போக மற்ற ஆறு எங்கே? சுருட்டி வைத்த கோரைப் பாயைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால் ஒரு கோல் போலத் தெரியும். அதன் அகலம் சுருளுக்குள் மறைந்திருக்கும். அது போலவே ஆறு திசைகளும் சுருண்டு கிடக்கின்றன என்பது அவர்கள் தரும் சமாதானம். சுருண்ட திசை என்றால் அது ஒரு வட்டம் என்று இப்போதைக்கு வைத்துக் கொள்வோம். நமது கதை அந்த வட்டத்தில் ஆரம்பமாகிறது.

ரப்பர் வளையமும் தூணும்

வட்டத்தில் ஓடுகிற ஒரு துகளைக் குவாண்டம் சாஸ்திரம் ஓர் அலையாகக் கருதுகிறது. அலை வட்டத்தைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே சரியாகப் பிடிக்க வேண்டும். ஆகையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணிக்கையில்தான் அலைகள் அமையும். வட்டம் சிறியதானால் அலையும் குறுகியதாக வேண்டும். குறுகிய அலைக்குச் சக்தி அதிகம். எனவே, ஓட்டத்துக்கு வேண்டிய சக்தி சிறிய வட்டத்தில் அதிகம், பெரிய வட்டத்தில் குறைவு.

புள்ளித் துகளுக்கு இதற்கு மேல் கதை இல்லை. தந்திக்கோ இன்னொரு வித்தை தெரியும். அது வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நிற்க முடியும். ரப்பர் வளையத்தை ஒரு பென்ஸிலின் மேல் மாட்டுவது சுலபம். அதையே கோயில் மண்டபத் தூணில் மாட்ட வேண்டுமானால் எவ்வளவு இழுக்க வேண்டும்! வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சுற்றுக்கு வேண்டிய சக்தி அதிகமாகும். அதாவது ஓட்டத்தின் கணக்கு எப்படியோ, சுற்றின் கணக்கு அதற்கு நேர் தலைகீழ்.

இப்போது சக்தியைச் சில்லறைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். தந்திக்கே உரிய இயற்கையான நீளத்தை 1 என்று வைத்துக் கொள்வோம். வட்டத்தின் ஆரம் 4 ஆனால், ஓட்டத்தின் சக்திகள் 1/4, 2/4, 3/4 என்று படிப்படியாகச் செல்லும். சுற்றின் சக்திகள் 4, 8, 12 என்று செல்லும். ஆரம் 1/4 ஆனால் என்ன ஆகும்? ஓட்டத்தின் சக்திகள் 4, 8, 12. சுற்றின் சக்திகள் 1/4, 2/4, 3/4. இரண்டு ஏடுகளிலும் உள்ள எண்கள் ஒன்றே! பற்று, வரவு என்ற தலைப்புகள்தான் இடம் மாறியிருக்கின்றன. தந்திகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பிரியும் விதங்களிலும் இந்த ஒற்றுமை குலையவில்லை. ஆகவே, தந்திகளால் ஆன உலகில் வாழும் ஒருவன், தான் இருக்கும் வட்டத்தின் ஆரம் 4 ஆ, 1/4 ஆ என்று எந்தச் சோதனையாலும் தீர்மானிக்க முடியாது. இரண்டும் ஒரே உலகத்துக்கு இட்ட இரு பெயர்கள். 1984ல் கிக்காவா, யாமசாகி என்ற ஜப்பானியர் இருவர் கண்ட இவ்வுண்மைக்கு 'டி இருமை' என்று பெயர்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவை நோக்குங்கள். வட்டத்தை 4, 3, 2 என்று சுருக்கி 1 வரை வரலாம். அதற்கும் கீழே 1/2 க்குப் போனால், நாம் நிற்பது 2 என்ற பழைய இடந்தான்! மாடிப்படியில் இறங்கிக் கொண்டே போனவன் மறுபடி ஏறிக் கொண்டிருப்பதைக் காண்பது போன்றது இது. தந்தியையே அளவுகோலாகக் கொண்டவனுக்கு 1 என்பதே அடித்தளம். அந்த 1 எவ்வளவு சிறியது என்றால், ஒரு சென்டிமீட்டரை, ஒன்றுக்குப் பின் முப்பத்து மூன்று சூன்யங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பதற்கு அருகில் என்று பலர் மதிக்கிறார்கள். நமது மாணவனின் பாதிக் கோடு அங்கே நிற்கிறது.

நுனியைப் பிடித்தது யார்?

தந்திகளில் இரண்டு ஜாதி உண்டு. ரப்பர் வளையம் போல் மூடியது ஒன்று. நூல் துண்டைப் போல் இரு நுனிகள் உடையது மற்றொன்று. நுனி உள்ள தந்தியைத் தூணில் சுற்றினால் அது நழுவி அவிழ்ந்து விடும். ஆகவே அதற்கு ஓட்டக் கணக்கு உண்டு, சுற்றுக் கணக்கு இல்லை. இருமை விதிப்படி தலைப்புகளை இடம் மாற்றினால், அதற்குச் சுற்றுக் கணக்கு இருக்க வேண்டும், ஓட்டக் கணக்கு இருக்கக் கூடாது! அவிழ்ந்து போகிற நூலுக்குச் சுற்று எங்கிருந்து வரும்?

நுனிகளை எதுவோ பிடித்துக்கொண்டிருந்தால் வரும். 1989ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த தாய், லீ, போல்சின்ஸ்கி ஆகிய மூவர் இந்த விடையைக் கண்டார்கள். வெளியில் சில பரப்புகள் இருக்கின்றன. தந்தியின் நுனி, கம்பியில் கோத்த திரைச்சீலை வளையத்தைப் போல, அப்பரப்பின் மேல் நகரலாமே ஒழிய அதை விட்டு வெளியே வர இயலாது. சவ்வு என்று பொருள்படும் மெம்பிரேன் என்ற சொல்லின் வாலை மட்டும் எடுத்து இவற்றுக்குப் 'பிரேன்' என்று பெயரிட்டார்கள். பிரேன் கோடு போல ஒரு பரிமாணம் உடையதாயிருக்கலாம். தாள் போல இரண்டு உடையதாயிருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு வட்டத்தின் வழியே இருமையைப் பிரயோகித்தால், அவ்வட்டத்தில் படர்ந்திருந்த பிரேன் ஒரு பரிமாணம் குறைகிறது. படராதிருந்தது ஒரு பரிமாணம் கூடுகிறது. கோடு தாளாகும், தாள் கோடாகும்.

நுனி பிடிக்கும் ஆணியாக வந்த பிரேன், அத்துடன் நிற்கவில்லை. 1995ல் போல்சின்ஸ்கி, பிரேன்கள் தமக்கென்று எடையும் ஒரு வகை ஏற்றமும் கொண்ட மெய்யான பொருள்கள் என்று நிரூபித்தார். ஒருவகைப் பிரேனைக் கொண்டு அளந்தால் தந்தி அளக்க முடியாத ஆழத்தையும் சற்று எட்டிப் பார்க்கலாம் என்பதும் பின்னால் தெரிய வந்தது. தந்தி மட்டுமே உலகம் என்று எண்ணிய சித்தாந்தத்தில் தந்தி பலரில் ஒருவனாகிவிட்டது.

பம்பாயிலிருந்து வந்த கணக்கு

மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி ஒரு பழைய புதிர் உண்டு. மின்னேற்றத்தில் நேர், எதிர் என்பவை தனித்தனியே கிடைக்கின்றன. காந்தத்தையோ எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் வடமுனையும் தென்முனையும் ஜோடியாகவே வரும். தனிமுனை ஒன்று இருந்தால் என்னவாகும் என்று 1931ல் இங்கிலாந்தின் டிராக் கணக்கிட்டார். மின்னேற்றத்தின் அளவையும் தனிமுனையின் அளவையும் பெருக்கினால் ஒரு குறிப்பிட்ட எண்ணின் முழு மடங்குதான் வர வேண்டும் என்று கண்டார். ஆகவே மின்னேற்றம் சிறியதானால் காந்தமுனை பெரியது. மின்னேற்றம் பெரியதானால் காந்தமுனை சிறியதாகலாம். நமது வட்டத்தின் 4 ம் 1/4 ம் இங்கே வேறு உடையில் வந்திருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். 1977ல் மான்டொனென், ஆலிவ் என்ற இருவர், மின்சாரத்தையும் காந்தத்தையும் முழுவதும் இடம் மாற்றினாலும் உலகம் மாறாது என்று ஊகித்தார்கள். வலிய விசையும் மெலிய விசையும் ஒன்றே என்றாகிறது. அழகான ஊகந்தான், ஆனால் வலிய விசையைக் கணக்கிடும் வழி ஒருவருக்கும் தெரியாததால், அதை நம்பியவர்கள் குறைவு.

1994ன் ஆரம்பத்தில், பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அசோக் சென் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவில் பிறந்த இவர், இந்த ஊகம் மெய்யானால் இன்னொன்றும் மெய்யாக வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். இரண்டு காந்தமுனைகள், ஒற்றைப்படை எண்ணிக்கையில் மின்னேற்றத்தைத் தாங்கி, ஒரே பொருளாகப் பிணைந்து நிற்க வேண்டும். அத்தகைய பிணைப்பை அதுவரை யாரும் கண்டதில்லை. மிகுந்த சமச்சீர் வாய்ந்த ஒரு கொள்கையில் சென் அப்பிணைப்பைத் தாமே கணக்கிட்டு, அது இருக்கிறது என்று காட்டினார். ஐயம் கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1995ல் அமெரிக்கரான விட்டன், ஐந்து வகையாகப் பிரிந்து கிடந்த தந்திச் சித்தாந்தங்கள் யாவும் பதினோரு பரிமாணங்கள் கொண்ட ஒரே கொள்கையின் ஐந்து முகங்கள் என்று அறிவித்த பெருஞ்சபைக்கு, வழி திறந்துவிட்ட ஆராய்ச்சிகளில் சென்னின் கணக்கு முதன்மையானது. 2012ல் அடிப்படைப் பௌதிகப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற ஒன்பது பேரில் அவர் ஒருவர். அப்போது அவர் அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், ஹரீஷ்-சந்திரா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்.

இரட்டித்த வெளி

வட்டம் ஒன்றாயிருந்தால் இருமை எளிது. வட்டங்கள் பலவாயின், ஓட்டங்களையும் சுற்றுகளையும் பலவிதமாகக் கலந்து மாற்றலாம். இவ்வெண்களையெல்லாம் இரட்டிப்பு எண்ணிக்கையுள்ள திசைகளில் அடுக்கிய புள்ளிக்கோலமாகப் பார்க்கலாம் என்பதை 1986ல் வெளியிட்டவர் கே. எஸ். நாரைன் என்ற பாரதீயர். 'நாரைன் பின்னல்' என்று அவர் பெயராலேயே அதை உலகம் வழங்குகிறது. புவனேசுவரத்துப் பௌதிக நிலையத்தைச் சேர்ந்த ஞானேந்திர மகாராணாவும் முன் சொன்ன ஷ்வார்ஸும் சேர்ந்து 1993ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, இந்தச் சமச்சீர் சித்தாந்தத்தின் சமன்பாடுகளில் எங்ஙனம் வெளிப்படையாகத் தெரிகிறது என்பதை எழுதிக் காட்டிற்று.

சமச்சீர் கணக்கில் தெரிகிறதென்றால், அது க்ஷேத்திர கணிதத்திலும் தெரிய வேண்டாமா? சாதாரண வெளியில் ஓர் இடத்தைக் குறிக்க நாம் எழுதும் எண், ஓட்டத்தோடு ஜோடி சேர்ந்தது. சுற்றோடு ஜோடி சேர ஓர் எண் வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு திசைக்கும் நிழல் போல் இன்னொரு திசையைச் சேர்த்தால், பத்து இருபதாகும். 1993ல் வாரன் சீகல் காட்டிய இவ்வழியை, 2009ல் ஹல், ஸ்வீபாக் என்ற இருவர் 'இரட்டைப் புலக் கொள்கை'யாக வகுத்தார்கள். இருபதிலும் நாம் உலாவ முடியாது; எந்தப் பாதியை எடுத்துக்கொண்டாலும் மறுபாதி மறைந்து விடும். 4 என்று சொல்பவன் ஒரு பாதியைப் பார்க்கிறான். 1/4 என்று சொல்பவன் மறுபாதியைப் பார்க்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை.

விட்டனின் பதினோரு பரிமாணங்களுக்கு வந்தால் விந்தை இன்னும் பெருகுகிறது. காலம் ஒன்று, நாம் அறிந்த திசைகள் மூன்று, சுருண்டவை ஏழு. அங்கே தந்தி இல்லை. இரு பரிமாணப் பிரேனும் ஐந்து பரிமாணப் பிரேனும் உண்டு. ஏழு திசைகளில் ஓட்டத்துக்கு 7 வழி. இரு பரிமாணப் பிரேன் ஏழில் இரண்டைத் தேர்ந்து சுற்ற வேண்டும். அதற்கு 21 வழி. ஐந்து பரிமாணப் பிரேன் ஏழில் ஐந்தைத் தேர வேண்டும்; அதற்கும் 21 வழி. புவியீர்ப்பின் காந்தமுனை என்று சொல்லத்தக்க மற்றொரு பொருளுக்கு 7 வழி. கூட்டிப் பாருங்கள்: 7, 21, 21, 7. மொத்தம் 56.

இந்த 56 தற்செயலாக வந்ததல்ல. கில்லிங் என்ற ஜெர்மானியரும் கார்த்தான் என்ற பிரெஞ்சுக்காரரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பௌதிக நோக்கம் ஏதுமின்றி, சமச்சீர்களையெல்லாம் வகைப்படுத்தினார்கள். எந்த வரிசையிலும் அடங்காமல் ஐந்து மட்டும் தனியே நின்றன. அவற்றில் ஒன்றுக்கு 'இ-ஏழு' என்று பெயர். அது இயங்குவதற்கு வேண்டிய மிகச் சிறிய மேடையின் பரிமாணம் சரியாக 56! 1978-79ல் பாரிஸில் கிரெம்மர், ஜூலியா என்ற இருவர் புவியீர்ப்புச் சமன்பாடுகளில் இ-ஏழு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2013ல் ஹோம், ஸாம்ட்லெபன் என்பவர்கள் 56 திசைகளும் சமமாக நிற்கும் ஒரு க்ஷேத்திர கணிதத்தை எழுதி முடித்தனர். அந்த 56 லிருந்து விதிப்படி ஏழைத் தேர்ந்தால் பதினோரு பரிமாணக் கொள்கை வருகிறது. வேறு விதமாக ஆறைத் தேர்ந்தால் தந்திச் சித்தாந்தங்களில் ஒன்று வருகிறது. வெளிக்கு எத்தனை திசை என்று தீர்மானிக்கப் பிரேன்களே சாக்ஷி சொல்லியிருக்கின்றன என்பது நமது கருத்து.

வெறும் அலங்காரத்துக்காக வெளியை விரித்தார்களோ என்று ஐயுறுவோருக்கு ஒரு பதில் உண்டு. சில அபூர்வப் பிரேன்களை ஒருமுறை பிரதக்ஷிணம் செய்து புறப்பட்ட இடத்துக்கே வந்தால், அங்கே வெளியானது தன் இருமை வடிவத்துக்கு மாறியிருக்கும். ஓட்டமும் சுற்றும் கலந்து போயிருக்கும். 2010ல் டி போயர், ஷிகெமோரி ஆகிய இருவர் இத்தகையவை சாதாரணப் பிரேன்களின் சேர்க்கையிலிருந்தே உண்டாகக் கூடும் என்று காட்டினர். இப்படிப்பட்ட இடத்துக்குச் சாதாரணத் தேசப்படம் வரைய முடியாது. இரட்டித்த வெளியிலோ படம் ஒழுங்காக ஒட்டிக்கொள்கிறது.

இதனால் ஆவதென்ன?

இக்கேள்வியைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. இவற்றுள் எதற்கும் இன்று வரையில் சோதனைச்சாலை நிரூபணம் இல்லை. ஜெனிவாவில் உள்ள மாபெரும் மோதுகருவி எட்டும் சக்தியைப்போல் சுமார் கோடி கோடி மடங்கு சக்தி இருந்தால்தான், நாம் மேலே சொன்ன அளவுள்ள தந்தியை நேரில் காண முடியும். அக்கருவியில் அகப்படும் என்று சிலர் எதிர்பார்த்திருந்த புதிய ஜோடித் துகள்களும் இதுவரை அகப்படவில்லை. காணாததைக் கண்டதாகச் சொல்வது விஞ்ஞானமல்ல.

ஆயினும் தராசின் மறு தட்டிலும் ஒன்று இருக்கிறது. ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளைகளுக்குள் எத்தனை விதமான உள் அமைப்புகள் அடங்கியுள்ளன என்பதற்குப் பெக்கென்ஸ்டைனும் ஹாக்கிங்கும் 1970களில் ஒரு விடை சொன்னார்கள். அவை எந்தெந்த அமைப்புகள் என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1996ல் ஸ்ட்ராமிஞ்ஜர், வாஃபா என்ற இருவர், குறிப்பிட்ட ஒரு வகைக் கருந்துளையைப் பிரேன்களைக் கொண்டு கட்டி, அமைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பழைய விடையே துல்லியமாக வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஒரே எண்ணில் வந்து சந்தித்தால், அதைக் கணித உபாத்தியாயர் எவரும் அலட்சியம் செய்ய மாட்டார். நிரூபணம் இல்லை என்பதும், தடயம் உண்டு என்பதும் ஒருங்கே உண்மை.

நமது தேசத்துக்கு இதில் வேறொரு பாடமும் இருக்கிறது. சென்னின் கணக்குக்குக் காகிதமும் எழுதுகோலும், பிறர் நம்பாத ஒன்றை முடிவு வரை கணக்கிட்டுப் பார்க்கும் திடமுமே வேண்டியிருந்தன. ஜெனிவாவின் கருவியை ஒவ்வொரு தேசமும் கட்ட இயலாது. காகிதமும் எழுதுகோலும் எந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. இல்லாதது, இப்படியும் கேள்விகள் இருக்கின்றன என்று தாய்மொழியில் எடுத்துச் சொல்பவர்கள்தான். 7, 21, 21, 7 என்ற கூட்டலைத் தமிழில் சொல்ல முடியும் என்றால், மற்றதையும் சொல்ல முடியும்.

வருகிற ஆனி மாதத்தில் க்ஷேத்திர கணிதத்தின் முதற் பாடம் மறுபடியும் வரும். யாராவது ஒருவன் எழுந்து நின்று, பாதிப் பாதியாக வெட்டினால் முடிவு எங்கே என்று நிச்சயமாகக் கேட்பான். "காகிதத்தில் முடிவில்லை, உலகத்தில் உண்டா என்பது இன்னும் தீரவில்லை, தீர்ப்பவர்களில் நீயும் ஒருவனாகலாம்" என்று சொல்வதாக இருக்கிறோம். "உட்கார்" என்று மட்டும் சொல்ல மாட்டோம்.